இருபத்தாறாம் கட்டம்

இந்தப் பக்கம் வெயில் அடிக்கும் அண்ணாச்சி, கொஞ்சம் உள்ள தள்ளி உக்காந்துக்கிடுங்க. இந்த டப்பாவா? சாக்பீஸ். பயப்படாதீக, வேட்டியில ஒட்டாது. புது டப்பா, இன்னும் பிரிக்கவே இல்ல. ஆமா, வாத்தியார்தான். மூஞ்சியப் பாத்தாலே தெரியுதுல்லா? மேல்நிலைப் பள்ளி, வேதியியல், இருபத்திரெண்டு வருச சர்வீஸ். பேரு கோமதிநாயகம்.

நீங்க இந்த பஸ்ல வேப்பங்குளம் விலக்கு தாண்டித்தான போறீக? நல்லதாப் போச்சு. விலக்கு ஸ்டாப்பு வந்தா ஒரு சத்தம் குடுங்க. அங்க ஒரு பிள்ளை வீட்டுக்குப் போறேன். ஆவுடைச்செல்வின்னு பேரு, என் கிளாஸ்ல பன்னெண்டாவது. நாளன்னைக்கு வெள்ளிக்கிழம அவ என்கூட திருநவேலிக்கு வரணும். வந்தா எனக்கு நல்லாசிரியர் விருது. வரலைன்னா இல்ல. என் இருபத்திரெண்டு வருச சர்வீஸு ஒரு பதினேழு வயசுப் பிள்ளை தலையாட்டுததுல வந்து நிக்கு. எங்க போய்ச் சொல்ல?

விருதுக்கு இம்புட்டு ஆசையான்னு நினைக்காதீக. என் மச்சினன் வாங்கிட்டான் அண்ணாச்சி. தமிழ் வாத்தியான். போன வருசம் வாங்கி, ஹால்ல கண்ணாடி போட்டு மாட்டியிருக்கான். அங்க போனா என் வீட்டுக்காரி நேரா அதுக்கிட்டப் போயி முந்தானையால தொடச்சி விடுவா. தூசி ஒண்ணும் இருக்காது. இருந்தாலும் தொடப்பா, என் கண்ணு முன்னாலயே. எனக்கு வயிறு எரியும். எரியுதுன்னு சொல்லுததுல என்ன வெக்கம்?

அவன் பழைய காலத்து ஆளு. கரும்பலகை, சாக்பீஸு, தொண்டை வறளக் கத்துதது. நான் அப்படி இல்ல. நாலு வருசத்துக்கு முன்னால, எங்க பள்ளிக்கூடத்துல படிச்சிட்டு சிங்கப்பூர்ல இருக்க பையன் ஒருத்தன் டிவி வாங்கிக் குடுத்தான். அம்பத்தஞ்சு இஞ்ச். வேதியியல் வகுப்புல மாட்டியாச்சு. அன்னைக்குச் சாக்பீஸக் கீழ வச்சவன், நேத்து வரைக்கும் தொடல. எல்லாம் டாக்குமெண்டரிதான். சட்டைப்பையில இருக்கு பாருங்க, இந்தப் பென்டிரைவுல நாப்பத்திமூணு படம். ஹைட்ரஜனுக்கு ஒண்ணு, தங்கத்துக்கு ரெண்டு, தனிம வரிசை அட்டவணைக்கு மட்டும் ஆறு.

படத்தப் போட்டுட்டுச் சத்தத்த அமத்திருவேன். வெள்ளக்காரன் பேசுத வேகம் நம்ம பிள்ளைகளுக்கு எங்க புரியும்? எனக்கா? எனக்குப் புரியும். பிள்ளைகளுக்காகச் சொல்லுதேன். படம் பாட்டுக்கு ஓடும், நான் பாட்டுக்குப் பின் பெஞ்சுல உக்காந்து விருது விண்ணப்பத்த எழுதிக்கிட்டு இருப்பேன். நூத்தி நாப்பது பக்கம் அண்ணாச்சி. 'காணொளி வழியே தனிம வரிசை அட்டவணை: ஒரு புதிய அணுகுமுறை.' வெறும் தலைப்புக்கே ஒரு வாரம் ஆச்சு. அது உழைப்பு இல்லையா?

சோடியத்தத் தண்ணியில போட்டா வெடிக்கும்லா, அத லேப்ல செஞ்சு காட்டுங்க சார்னு பிள்ளைக கேக்கும். ஏம்மா, படத்துலதான் வெடிச்சிட்டுல்லா, பாத்தீகள்லா, இன்னொரு வாட்டி எதுக்கு வெடிக்கணும்னு கேப்பேன். லேப் சாவி எங்க கெடக்குன்னு இப்ப எனக்கே ஞாபகமில்ல.

எல்லாம் சீராத்தான் போய்க்கிட்டு இருந்துச்சு. டிவி வந்த வருசம் ஆயுத பூசை. எங்க தாளாளர் அய்யா இருக்காகளே, பள்ளிக்கூடமே அவுக குடும்பத்துதுதான், பூசைன்னா அவுக கையாலதான் எல்லாத்துக்கும் பொட்டு வைப்பாக. மணிக்கு வச்சாக, தண்ணி மோட்டாருக்கு வச்சாக, ஆபீஸ் பீரோவுக்கு வச்சாக. டிவிகிட்ட வந்தாக. டிவிக்கு நெத்தி எதுன்னு யாருக்குத் தெரியும்? அய்யா நல்ல உயரம். கைய நீட்டி, நடுவுக்குக் கொஞ்சம் மேல, சந்தனத்தக் கெட்டியாக் குழைச்சு ஒரு அப்பு. அது மேல குங்குமம். வடை அளவுக்கு இருக்கும். ரெண்டு நாள்ல காஞ்சு பாறையாயிட்டு.

தொடைக்க வேண்டியதுதானன்னு கேக்கீக. யாரு தொடைக்க? முன்ன ஒரு பி.டி. வாத்தியார் இருந்தாரு. மோட்டாரு சூடாகுதுன்னு திறந்து பாக்கப் போனவரு, அய்யா வச்ச பொட்ட வேர்வைத் துண்டால தொடச்சிட்டாரு. மறுவாரமே அவர ஆரம்பப் பள்ளிக்கு மாத்தியாச்சு. இப்ப ஒண்ணாம் வகுப்புக்குக் கும்மி சொல்லிக் குடுக்காரு. நாலு வருசமாக் கும்மிதான். எனக்கு அந்த மாதிரி ஆட வராது அண்ணாச்சி, முட்டி வலி.

சரி, பொட்டு இருந்தா இருந்துட்டுப் போவுது, என்ன குறைஞ்சுது? நல்லாத்தான் இருந்துச்சு. அட்டவணையக் கண்டுபிடிச்ச ரஷ்யாக்காரரு, நீட்டு தாடி வச்சவரு, படத்துல நிமிந்து பாப்பாரு பாருங்க, பொட்டு சரியா அவரு நெத்தியில வந்து உக்காரும். சாமியாரு கணக்கா இருப்பாரு. பிள்ளைக எல்லாம் கன்னத்துல போட்டுக்கிடும். சிலது குலவை போடும். சிரிப்பும் வரும். அம்புட்டு ஈடுபாடு. வேற எந்த வாத்தியான் கிளாஸ்ல பிள்ளைக விஞ்ஞானியக் கும்பிடுதுன்னு சொல்லுங்க.

படம் முடியுதப்ப அட்டவணை முழுசா வந்து நிக்கும். நூத்திப் பதினெட்டு கட்டம், ஒரு கட்டத்துக்கு ஒரு தனிமம். பொட்டு அதுல இருபத்தாறாம் கட்டத்துல விழும். அது இரும்போட கட்டம். இத நான் கவனிக்கல. கவனிக்கல என்ன, கவனிக்க எங்க நேரம்? நூத்தி நாப்பது பக்கம் எழுதணும்லா. இந்த ஆவுடைச்செல்விதான் கவனிச்சா.

அவளுக்கு ரத்தம் கம்மி அண்ணாச்சி. நர்ஸம்மா குத்திப் பாத்துட்டு எட்டுதான் இருக்குன்னு சொன்னாகளாம். பன்னெண்டாவது கிளாஸ் இருக்க மாடிக்கு ஏறி வந்தா செவுத்தப் பிடிச்சிக்கிட்டுக் கொஞ்ச நேரம் நிப்பா. வியாழக்கிழமை மத்தியானம் பொம்பளப் பிள்ளைகளுக்கெல்லாம் இரும்புச்சத்து மாத்திரை குடுப்பாக, நீலமா இருக்கும். அத முழுங்கிட்டு நேரா என் கிளாஸுதான். ஒரு வியாழக்கிழம படம் முடிஞ்சு அட்டவணை நிக்கு, இவ எந்திரிச்சா.

"சார், நாங்க வாராவாரம் முழுங்குத இரும்பு இதுல எங்க சார் இருக்கு?"

நல்லாப் பாரும்மான்னேன். பாத்துட்டேன் சார், இல்லைன்னா. நான் பேனாவ மூடி வச்சிட்டு எந்திரிச்சு வந்து விரல வச்சு எண்ணிப் பாத்தேன். இருபத்தஞ்சு மாங்கனீசு. இருபத்தேழு கோபால்ட். நடுவுல அய்யா. அதாவது அய்யா பொட்டு. அதுக்குப் பின்னால இருக்கும்மா, உக்காருன்னேன். உக்காரல. அது ரத்தத்துல என்ன சார் செய்யுதுன்னா. அது படத்துல வரும் பாருன்னேன். அந்தப் படத்துலயும் பொட்டுதான் சார் தெரியுது, தொடச்சிருவமான்னா. ஒண்ணாம் வகுப்பும் கும்மியும் கண்ணுல வந்துட்டு. உக்காரு கழுதன்னு ஒரு அதட்டல் போட்டேன். அப்பதான் உக்காந்தா.

அதுக்கப்புறம் பிள்ளைகளே ஒரு வழி கண்டுபிடிச்சிட்டு. யாரு ஆரம்பிச்சான்னு தெரியாது. நான் படத்த நிறுத்தி, வரிசையாச் சொல்லுங்கன்னா, மொத்தக் கிளாஸும் ஒரே குரல்ல, "குரோமியம், மாங்கனீசு, பொட்டு, கோபால்ட்"னு சொல்லும். எனக்கும் நிம்மதி. அரையாண்டுப் பரிச்சையில அட்டவணையில நாலாம் வரிசைய எழுதச் சொல்லிக் கேட்டேன். முப்பத்தெட்டு பேர்ல இருபது பேரு இருபத்தாறாம் கட்டத்துல ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியே வச்சிருந்துச்சு. நெசப் பொட்டு அண்ணாச்சி, மெரூன் கலரு. மத்ததுக பொட்டுன்னு எழுதியிருந்துச்சு. முழு மார்க் போட்டேன். காட்டினத எழுதியிருக்கு, எப்பிடிக் கொறைக்க முடியும்? ஆவுடைச்செல்வி மட்டும் இரும்புன்னு எழுதியிருந்தா. அவளுக்கு அரை மார்க். கிளாஸ்ல காட்டாதத எழுதினா அரைதான், அதுக்கு மேல போட மனசாட்சி இடம் குடுக்கல.

விண்ணப்பம் போயி, பதினாறு நாளைக்கு முன்னால, போன மாசம் ஒரு திங்கக்கிழம விருதுக் கமிட்டி வந்துச்சு. மூணு பேரு. ரெண்டு பேரு ரிட்டையர்டு தலைமையாசிரியருங்க, அவுக டீயும் முறுக்குமா ஆபீஸ்லயே தங்கிட்டாக. மூணாவது ஒரு மேடம், மாவட்ட அதிகாரி, பேரு மங்கையர்க்கரசி. அவுகதான் கிளாஸுக்கு வந்தாக. தாளாளர் அய்யாவும் வந்து முன்னால நாற்காலி போட்டு உக்காந்தாக. இருக்கதுலயே நல்ல படத்தப் போட்டேன். கட்டங்கட்டமா அட்டவணை நிறையும், பாக்கதுக்குக் கோலம் போட்ட மாதிரி இருக்கும். முடிஞ்சுது. மேடம் எந்திரிச்சாக. டிவியக் கொஞ்ச நேரம் பாத்தாக. பெறவு பிள்ளைகளப் பாத்துக் கேட்டாக.

"இருபத்தாறாம் கட்டத்துல என்ன இருக்கு?"

"பொட்டு மேடம்."

முப்பத்தேழு குரலு. அய்யா பெருமையா மீசையத் தடவிக்கிட்டாக, நான் வச்சதுதான்னு மெதுவாச் சொன்னாக. மேடம் என்னப் பாத்தாக. நான் அய்யாவப் பாத்தேன். அய்யா பொட்டப் பாத்தாக. அந்நேரம் அந்த முப்பத்தெட்டாவது எந்திரிச்சா. அது பொட்டு இல்ல மேடம், இரும்புன்னா. சொல்லிட்டுச் சும்மா இருந்தாளா? நேரா டிவிகிட்ட நடந்து வந்தா. துப்பட்டாவுல குத்தியிருந்த ஊக்கக் கழட்டினா. இதுவும் இரும்புதான் மேடம்னு சொல்லிக் காட்டிட்டு, அந்த ஊக்கு நுனியால பொட்டச் சுரண்ட ஆரம்பிச்சா.

அந்தச் சத்தம் இருக்கே, கரக் கரக்குன்னு, இப்பவும் என் காதுல கேக்கு. நாலு வருசத்துச் சந்தனம், செதில் செதிலா உதிருது. அய்யா நாற்காலியில இருந்து பாதி எந்திரிச்ச மேனிக்கு நிக்காக. உள்ள இருந்து இருபத்தாறுங்குத நம்பரும், அதுக்குக் கீழ இரும்போட குறியீடும் வெளிய வந்துச்சு. அதோட கண்ணாடியில நீளமா ஒரு கீறலும் விழுந்துட்டு. இவளுக்கு மூச்சு வாங்குது. டிவியப் பிடிச்சிக்கிட்டு நிக்கா.

மேடம் கேட்டாக, இது உனக்கு யாரும்மா சொல்லிக் குடுத்தான்னு. அவ என்னத் திரும்பிப் பாத்தா. சார்தான்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? இம்புட்டு வருசம் படம் காட்டியிருக்கேன்.

"சார் சொல்லல மேடம். அதனால நானே தேடிப் படிச்சேன்."

மேடம் அத அப்படியே நோட்டுல எழுதிக்கிட்டாக. நோட்ட மூடிட்டுப் போயிட்டாக. என் விருது போச்சுன்னு நினைச்சேன் அண்ணாச்சி. பின் பெஞ்சுல உக்காந்து அழுதேன். ஆமா, அழுதேன், பிள்ளைக எல்லாம் பாத்துச்சு.

மறுநாள் அய்யா என்னக் கூப்பிட்டு, கோமதிநாயகம் ஒரு ரிப்போர்ட் எழுதும்னாக. எழுதிக் குடுத்தேன். பள்ளிச் சொத்துக்குச் சேதம், பெரியவுகளுக்கு அவமரியாத, தகாத நடத்த. மூணு பாயிண்டு. நானா எழுதணும்னு எழுதல, ஆனா எழுதினது சுத்தமா எழுதினேன், வேலைன்னு வந்துட்டா அரைகுறையா செய்ய எனக்கு வராது. தாய் தகப்பனக் கூட்டிட்டு வர வரைக்கும் கிளாஸுக்கு வராதன்னு சொல்லியாச்சு. அவளுக்குத் தகப்பன் கிடையாது. தாய்க்காரி தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சி அடுக்கப் போறவ, லீவு சொல்லிட்டு வந்து நின்னா. அய்யா பாக்கல. நாளைக்கு வரச் சொன்னாக. மறுநாளும் வந்து நின்னா. அன்னைக்கும் பாக்கல. மூணாம் நாள் நான் வராண்டாவுல போகயில, சார் நீங்களாவது ஒரு வார்த்த சொல்லுங்க, செய்முறைத் தேர்வு வேற வருதாம்லான்னா. எனக்குக் கிளாஸ் இருந்துச்சு. படத்தப் போட்டுட்டு வந்திருந்தேன், அது ஓடிக்கிட்டு இருக்கு, எப்பிடி நிக்க? போயிட்டேன். அதுக்கப்புறம் அவுக வரல.

இப்பக் கேளுங்க கூத்த. முந்தாநாள் மாவட்டக் கல்வி ஆபீஸ்ல இருந்து கடுதாசி வருது. மங்கையர்க்கரசி மேடம் ரிப்போர்ட்டு. 'இந்த ஆசிரியர் ஒரு தனிமத்தை வேண்டுமென்றே மறைத்து வைத்து, விடையைத் தாமே சொல்லாமல், மாணவியே தேடிக் கண்டடையச் செய்தார். இது முன்மாதிரியான கற்பித்தல் முறை.' மூணு தடவ படிச்சேன். வேண்டுமென்றேங்குத வார்த்தைய மட்டும் நாலு தடவ படிச்சேன். மாநிலக் கமிட்டி முன்னால வெள்ளிக்கிழம திருநவேலியில இதே பாடத்த நடத்திக் காட்டணும், அதே மாணவியோட. அதே மாணவின்னு அடிக்கோடு வேற போட்டிருக்கு.

அய்யாவுக்குக் கால் தரையில நிக்கல. கோமதிநாயகம், நான் அன்னைக்கே ஒரு நோக்கத்தோடதான் ஓய் வச்சேன்னாக. வெள்ளிக்கிழம அவுகளே வந்து புதுசாச் சந்தனம் குழைச்சு வைக்காகளாம். நானும் முந்தின நாளே வச்சிருங்க அய்யா, காயணும்லான்னு சொல்லியிருக்கேன். டிவியக் கொண்டு போக வேன் பிடிச்சாச்சு, ஊக்கு ஒரு அட்டை வாங்கியாச்சு. எல்லாம் தயாரு. சுரண்டதுக்குப் பிள்ளைதான் இல்ல.

நேத்துச் சாயங்காலம் போன் போட்டேன். தாய்க்காரி எடுத்தா. நல்லா இருக்கீகளாம்மான்னு கேட்டேன். போன மககிட்டக் குடுத்துட்டா. நான் அன்பாத்தான் பேசினேன். வாம்மா, அன்னைக்குச் செஞ்ச மாதிரியே செய்யணும், நான் எழுதின ரிப்போர்ட்டக் கிழிச்சிப் போட்டுருதேன், ரெக்கார்டு நோட்டுலயும் கையெழுத்துப் போட்டுத் தாரேன்னேன். இந்தா, பையில இருக்கு நோட்டு. கையெழுத்து இல்லாம செய்முறைத் தேர்வுக்கு உள்ள விடமாட்டாக, அவளுக்குத் தெரியும். நர்ஸிங் படிக்கணும்னு இருக்கா, அதுவும் எனக்குத் தெரியும். எல்லாம் கேட்டுட்டு, சரி சார் வாரேன்னா. எனக்கு உசிரு வந்துச்சு. பெறவு சொன்னா.

"ஆனா ஒரு பாடம் நடத்திட்டுக் கூட்டிட்டுப் போங்க சார். டிவி வேண்டாம். இங்க வீட்டுக்கு வெளியில செவுரு இருக்கு, சாக்பீஸு மட்டும் கொண்டாங்க. எனக்கு எதுக்கு அந்த மாத்திர தாராகன்னு, இரும்பு ரத்தத்துல என்ன செய்யுதுன்னு, எங்க அம்மாவுக்குப் புரியுத மாதிரிச் சொல்லுங்க. அவளுக்கும் ரத்தம் கம்மிதான்."

பாத்தீகளா நாக்க? வாத்தியானுக்கே பரிச்ச வைக்கா. தெருவுல நின்னு செவுத்துல எழுதணுமாம், தீப்பெட்டி ஆபீஸ்ல இருந்து வந்த பொம்பளைகள்லாம் உக்காந்து பாக்குமாம். இதுக்கா நான் எம்.எஸ்ஸி. படிச்சேன்? கோவம் வந்துச்சு. வந்து என்ன செய்ய, வெள்ளிக்கிழம கிட்டத்துல இருக்கு. தாங்கித்தான் போகணும்.

தெரியாதுன்னு இல்ல அண்ணாச்சி. படிச்சதுதான். ரத்தத்துல இரும்பு இருக்கு. செவப்பா இருக்கு. அதப் பத்தி என்கிட்ட ஒரு படமே இருக்கு, முப்பது நாப்பது தடவ போட்டிருக்கேன். செவப்பா உருண்டை உருண்டையா ஓடிக்கிட்டு வரும். அதுல ஒண்ண மட்டும் பெருசாக்கி, நடுவுல அம்புக்குறி போட்டு என்னமோ காட்டுவான். அந்த இடத்துலதான் பொட்டு. காலையில கூட போட்டுப் பாத்தேன், இப்பப் பொட்டு இல்லையே, தெரியும்லான்னு. அவ ஊக்கால கிழிச்ச கீறலு சரியா அது மேல ஓடுது. சத்தத்தையும் கூட்டி வச்சுக் கேட்டேன். அந்த வெள்ளக்காரன் வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கான்னு தெரியல. புத்தகத்த எடுத்தேன். நாலு வருசமாப் படமாப் பாத்துப் பழகிட்டு, எழுத்து நிக்கவே மாட்டேங்கு, அந்தால இந்தால அசையுது.

சரி, வரிசையாவது ஒழுங்கா வருதான்னு பாக்கேன், கேளுங்க. ஸ்காண்டியம், டைட்டானியம், வனேடியம், குரோமியம், மாங்கனீசு, பொட்டு... இல்ல, இல்ல. ஏன் சிரிக்கீக? பழக்கத்துல வந்துட்டு.

கண்டக்டரு விலக்குன்னு சத்தம் போடுதான் போலுக்க. அடுத்த ஸ்டாப்பா? அந்தா, செவுத்துக்கு முன்னால பாய் விரிச்சு உக்காந்திருக்காக, தெரியுதா? பத்துப் பன்னெண்டு பொம்பளைக. அந்த நீலத் துப்பட்டாதான் ஆவுடைச்செல்வி. செவுத்த நல்லா வெள்ளையடிச்சு வேற வச்சிருக்கு. வெள்ளச் செவுத்துல வெள்ளச் சாக்பீஸ வச்சி எப்பிடி எழுத? அய்யோ, கலர் சாக்பீஸ்லா வாங்கியிருக்கணும்.

அண்ணாச்சி, ஒண்ணு கேக்கேன். உங்களப் பாத்தா படிச்சவுக மாதிரி தெரியுது. வீட்டுல யாராவது டாக்டருக்குப் படிக்காகளா? இல்லைன்னாலும் பரவாயில்ல. இந்த இரும்பு ரத்தத்துல அப்பிடி என்னதான் செய்யுது? தெரிஞ்சாச் சட்டுனு சொல்லுங்க, நான் இறங்கணும்.